எண்ணூருக்கு இரண்டு மைல்

நான் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. ஆபீஸ் கேன்டீன் கமிட்டிக்குக்கூட நின்றதில்லை. அப்படியிருந்தும், ஓட்டு வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டேன் என்று ஒரு குப்பமே சேர்ந்து என்னை உச்சி வெயிலில் நிறுத்திவைத்தது. இத்தனை வருஷம் ஆகியும் நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. (என் மனைவிக்குச் சிரிப்பு வருகிறது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் கொதிக்கிறது.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். துறைமுகத்து ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா வேலை. பெரம்பூரில் ஒரு போர்ஷனில் குடித்தனம். மனைவி விசாலாட்சி பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். கல்யாணமான முதல் வாரத்திலேயே அவளிடம், எண்ணூரில் ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்தைப் போல ஒரு காட்சி இந்த உலகத்தில் இல்லை என்று அளந்துவிட்டிருந்தேன். (நான் பார்த்ததில்லை. ஆபீசில் ஒருவர் சொன்னார்.) அன்றிலிருந்து எப்போது கூட்டிப் போவீர்கள் என்று அவள் கேட்க, அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று நான் சொல்ல, ஆறு மாதம் ஓடிவிட்டது. இனியும் தள்ளினால் இந்த மனிதர் வாய்ச்சொல் வீரர் என்று பெயராகிவிடும் என்ற பயம் வந்தபோதுதான் புறப்பட்டேன்.

எண்ணூருக்கு ரயில் உண்டு. பேசின் பிரிட்ஜில் மாறி ஏறினால் கொண்டுபோய் இறக்கிவிடும். "ரயிலில் யார் வேண்டுமானாலும் போகலாம், நாம் காரில் போகிறோம்" என்று சொன்ன நாக்கை என்ன செய்தால் தகும்?

ராயபுரம் பாலத்துக்குப் பக்கத்தில் கன்னியப்பன் என்பவர் ஒர்க்ஷாப் வைத்திருந்தார். அவரிடம் ஒரு கார் நாள் வாடகைக்குக் கிடைத்தது. நீளமான பழைய வண்டி. உடம்பு முழுக்கச் சந்தன நிறம், டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் பச்சை. கூரையின் மேல் இரண்டு இரும்புக் கம்பிகள் நின்றன. அவை எதற்கு என்று கேட்டதற்கு, சாமான் கட்ட என்றார். கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும், முன்விளக்கு எரியாது, பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். ஹாரன் மட்டும் பிரமாதம். ரப்பர் உருண்டையை அமுக்கினால் வாத்துக் கூட்டம் சண்டை போடுவது போல ஊரே திரும்பிப் பார்க்கும்.

"சார், எண்ணூர் வரிக்கும் இந்த வண்டிய தெரியாத ஆளே கெடையாது" என்றார் கன்னியப்பன். "ஹாரன் அட்ச்சா போதும். சனம் ஓடியாரும்."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

துறைமுக லாரிக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்ட வித்தையை நம்பி வண்டியை எடுத்தேன். தண்டையார்பேட்டையில் ஹாரன் அடித்தேன். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வெளியே ஓடிவந்து பார்த்தார்கள். திருவொற்றியூரில் அடித்தேன். ஒரு கிழவர் கையைத் தூக்கி ஏதோ சொன்னார். நானும் கையைத் தூக்கினேன். உங்களை இங்கெல்லாம் தெரியுமா என்று விசாலம் ஆச்சரியமாகக் கேட்டாள். துறைமுகத்தில் இருக்கிறவனுக்குக் கடற்கரை முழுக்கப் பழக்கம்தான் என்றேன். அடுத்த முனையில் ஒருவர் எங்கள் வண்டியைப் பார்த்துக் காறித் துப்பினார். வெற்றிலை போட்டிருப்பார் என்று விசாலத்துக்கு விளக்கம் சொன்னேன்.

அதற்கப்புறம் வலது பக்கம் முழுக்கக் கடல். அவள் பின்சீட்டின் வலது ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தாள். என் வாழ்க்கையில் அந்தக் கால் மணி நேரம் நான் ராஜாவாக இருந்தேன். எண்ணூருக்கு இன்னும் இரண்டு மைல் என்ற இடத்தில் வண்டியின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கன்னியப்பன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் திறந்து பார்க்கவில்லை. (லாரிக்காரர் பாடம் அதுவரை வரவில்லை.)

பக்கத்தில் ஒரு குப்பம். கட்டுமரங்கள், காயும் வலைகள், முப்பது நாற்பது குடிசைகள். உதவிக்கு யாராவது வரட்டும் என்று ஹாரனை அடித்தேன். வந்தார்கள். குப்பம் மொத்தமும் வந்தது. எல்லாருக்கும் முன்னால் மீன்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் வந்தாள். அஞ்சலை என்று பெயர். பச்சைக் கதவைப் பார்த்தாள், கூரைக் கம்பியைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் மரியாதையாக, ஒரு குடம் நல்ல தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன்.

அஞ்சலை திரும்பி மற்றவர்களிடம் சொன்னாள்: "கொயா போடறேன்னு சொல்ட்டுப் போன வண்டி, இன்னிக்கு நம்மகிட்டயே வந்து தண்ணி கேக்குது பாரு."

விஷயம் இதுதான். அதற்கு முந்தின வருஷம் தேர்தல். யாரோ ஒரு வேட்பாளர் இந்த வண்டியை வாடகைக்கு எடுத்து, கூரைக் கம்பியில் புனல் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, இதே ஹாரனை அடித்துக்கொண்டு வந்திருக்கிறார். உங்கள் குப்பத்துக்குக் குழாய் என் பொறுப்பு என்று சத்தியம் செய்து ஓட்டை வாங்கிப் போனவர், பிறகு அந்தத் திசைக்கே வரவில்லை. அவர் ஆளை அனுப்பியிருக்கிறார் என்று குப்பத்துக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் அந்த ஆளைக் கண்ணால் பார்த்ததில்லை, நான் குமாஸ்தா, இது வாடகை வண்டி என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"வண்டி வாடகையாம், ஆளு வாடகையாம்" என்றாள் அஞ்சலை. "நாங்க போட்ட ஓட்டு மட்டும் சொந்தமா, நைனா?" சொல்லிக்கொண்டே வண்டிக்கு முன்னால் போய், கைப்பிடியை உருவி மீன்கூடைக்குள் போட்டுக்கொண்டாள். குழாய்க்கு ஒரு வழி தெரிந்தால் கைப்பிடி தருவதாகச் சொல்லிவிட்டு ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். செய்யாத குற்றத்துக்கு நடுரோட்டில் தண்டனை, அதுவும் புது மனைவி பார்க்க. திரும்பிப் பார்த்தால் புது மனைவியைக் காணோம். குடத்தோடு கிளம்பிய நாலைந்து பெண்களுக்குப் பின்னால் உப்பளத்துப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். கட்டின மனைவியும் கைவிட்டாள் என்று எனக்கு இன்னும் ஏறியது. வண்டியின் படிமேல் ஏறினேன், ஒரு கையால் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், மறு கையை நீட்டி நியாயம் கேட்க ஆரம்பித்தேன்.

அந்தக் கோலத்தில் நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஏமாற்றுகிறவர்களைப் பற்றிப் பேசினேன். வெயிலில் நிற்கிறவர்களைப் பற்றிப் பேசினேன். (என்னைத்தான் சொன்னேன். அவர்கள் தங்களைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.) ஒருவர் தலையாட்டினார். பத்துப் பேர் உட்கார்ந்தார்கள். வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தாளு மைக்கு வச்சிகினு பேசினான். இவரு மைக்கே இல்லாம சோக்கா பேசறாரு" என்றார்.

ஆபீசில் நான் பேசினால் பியூன்கூட நிற்க மாட்டான். ஐம்பது பேர் வாயைத் திறந்துகொண்டு கேட்டது என் ஜன்மத்தில் அதுதான் முதல் தடவை. தலை கிறுகிறுத்துவிட்டது. கடைசியில் நெஞ்சில் அடித்துக்கொண்டு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன் யாரோ செய்யாமல் போகட்டும். நான் சொல்கிறேன், மூன்று மாதத்தில் இங்கே குழாய் வரும்."

கைதட்டல் ஓய்ந்தபோது கூட்டத்துக்குப் பின்னால் விசாலம் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குடம், புடவை பாதி நனைந்திருந்தது, முகம் சிவந்து மூச்சு வாங்கியது. முக்கால் மைல் தாண்டி ஒரு கிணறு, அதில் ஊறுவதைச் சிரட்டையால் மொண்டு மொண்டு நிரப்ப வேண்டும், இந்தப் பெண்கள் தினமும் மூன்று நடை போகிறார்கள் என்று பிறகு சொன்னாள். அப்போது சொன்னது ஒன்றுதான்.

"சொன்னதை எழுதிக் குடுத்துருங்க. இல்லாட்டி மறுக்கா இவங்க யாரைத் தேடுவாங்க?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். காகிதத்துக்காகப் பின்சீட்டைத் தூக்கினால், அடியில் போன தேர்தல் நோட்டீஸ் ஒரு கட்டுக் கிடந்தது. ஒன்றை உருவினாள். முன்பக்கம் 'குழாய் என் பொறுப்பு' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் வெறுமை. அதில் மூன்று மாதத்தில் என்று போட்டு, என் பெயர், கதவு எண், தெரு, பெரம்பூர் என்று அழகாக எழுதி, கீழே என்னிடம் கையெழுத்தும் வாங்கி, அஞ்சலையிடம் கொடுத்தாள். அஞ்சலை அதை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு கைப்பிடியை எடுத்துத் தந்தாள். ரேடியேட்டரில் நான் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்திலேயே நின்று, "பாத்து ஊத்து நைனா, சிந்தாத" என்றாள்.

வண்டி கிளம்பியபோது வெயில் தணிந்துவிட்டது. விளக்கில்லாத வண்டி. முகத்துவாரம் இரண்டு மைலில் இருக்க, ராயபுரத்துக்குத் திருப்பினேன். வழியெல்லாம் கன்னியப்பனைத் திட்டினேன், வேட்பாளரைத் திட்டினேன், குப்பத்தைத் திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விசாலம் சொன்னாள்: "அந்தாளுக்குப் பதிலா உங்களைப் பிடிச்சது அநியாயந்தானுங்க. ஆனா மூணு மாசம்னு சொன்னது நீங்கதானுங்களே."

சரியாக மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அஞ்சலை எங்கள் வாசலில் நின்றாள். கையில் அந்த நோட்டீஸ். அப்புறம் மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்தாள். மீனே வாங்காத எங்கள் வீட்டுக்கு ஒரு மீன்காரி வந்து, காபி குடித்துவிட்டு, "கொயா இன்னாச்சு?" என்று கேட்டுவிட்டுப் போவதைத் தெருவே ஜன்னலில் நின்று பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறினேன். இந்த மேஜை இல்லை, அந்த மேஜை என்றார்கள். பெரியவர் டூரில் இருக்கிறார் என்றார்கள். பத்து வருஷமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தைகள், அதே கொட்டாவி. அந்த அயோக்கியத்தனத்தை என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று மாதம் என்றது இரண்டரை வருஷமாயிற்று. குழாய் வந்தது. பக்கத்தில் ஏதோ தொழிற்சாலைக்குப் போட்டபோது கூடவே வந்தது என்று ஆபீசில் சொன்னார்கள். என் பதினேழாவது மனுவினால் வந்தது என்று நான் சொல்கிறேன். திறந்த அன்று எங்களைக் கூப்பிட்டார்கள். (ரயிலில் போனோம்.) முதலில் வெறும் காற்று சீறியது. குப்பமே என்னைப் பார்த்தது. பிறகு துருவாய், கலங்கலாய், கடைசியில் தெளிவாய்த் தண்ணீர் கொட்டியது. அஞ்சலை முதல் குடத்தை விசாலத்தின் இடுப்பில் வைத்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதை மறைக்கப் போவதில்லை. சுருக்குப்பையிலிருந்து நோட்டீஸை எடுத்து அஞ்சலை என்னிடம் நீட்டினாள். விசாலம் அதைப் பாதியிலேயே வாங்கிக்கொண்டாள்.

இன்றுவரை அது எங்கள் பீரோவில் இருக்கிறது. இந்த வீட்டில் நான் எதைச் செய்கிறேன் என்று சொன்னாலும், என் பெண், மாப்பிள்ளை, நேற்றுப் பேசக் கற்ற பேத்தி உட்பட எல்லாரும் "எழுதிக் குடுங்க" என்கிறார்கள். குடும்பத் தலைவனுக்கு நடக்கிற மரியாதை இது.

அன்று குழாய் திறந்து, பந்தல் சாப்பாடு முடிவதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டதால், முகத்துவாரத்தை அப்போதும் பார்க்கவில்லை. அப்புறம் பிள்ளைகள், பரீட்சை, கல்யாணம் என்று தள்ளித் தள்ளியே போய்விட்டது. போன வாரம் ஏதோ பேச்சு வந்தபோது, அடுத்த ஞாயிறு கண்டிப்பாக எண்ணூர் என்று விசாலத்திடம் சொன்னேன். அவள் எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். மஞ்சளேறிய அந்த நோட்டீஸையும் பேனாவையும் என் முன்னால் வைத்து, என் கையெழுத்துக்குக் கீழே இன்னும் இடமிருக்கிறது என்று காட்டினாள்.