நாலு மனுவும் ஒரு கத்தரிக்கோலும்

"அட்டையை வெட்டினீங்களா?"

தையலக்கா கத்தரிக்கோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். துணியில் வைத்தால் தண்ணீரில் போவது மாதிரிப் போகிற கத்தரி அது. இப்போது எதிர்வீட்டு டீச்சரின் பிளவுஸ் துணியைக் கடித்துக் குதறியிருந்தது. அலகில் பழுப்பு நிறத்தில் அட்டைத்தூள்.

"லேசா," என்றார் புருஷன்.

துணி வெட்டுகிற கத்தரியால் காகிதத்தைத் தொடக்கூடாது. அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரே சட்டம். அவள் பல் துலக்குகிற பிரஷ்ஷால் செருப்பைத் தேய்த்திருந்தால்கூட மன்னித்திருப்பாள்.

அட்டை எதற்கு என்று தெரிந்தால் இன்னும் வயிறு எரியும். அவருக்கு ஒரு பார்சல் கம்பெனியில் வேலை. உடைந்த பீங்கானையும் நசுங்கிய மின்விசிறியையும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நிற்கிற கவுண்டர். பாவம், "பணத்தைத் திருப்பிக் கொடுங்க" என்று எழுதித் தருவார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ரீஃபண்டா, ரீஇம்பர்ஸ்மென்டா, காம்பன்சேஷனா? சரியான வார்த்தையைப் போட்டு எடுத்துட்டு வாங்க" என்பார். பணத்தைத் தவிர எல்லாவற்றையும் திருப்பி அனுப்பத் தெரியும் அவருக்கு. ஆபீசில் 'கிளெய்ம் சார்' என்றுதான் பெயர். அந்தக் கவுண்டரில் மாட்டத்தான் அட்டை வெட்டியது. அதில் கொட்டை எழுத்தில், 'சரியான சொல் இல்லாத மனு ஏற்கப்படாது.'

"சரி விடுங்க. தெருமுனையில சாணைக்காரர் நிக்கிறார். ஓடிப்போய்த் தீட்டிட்டு வந்துடுங்க," என்றாள் தையலக்கா. "ஞாயித்துக்கிழமை டீச்சருக்கு மூணு பிளவுஸ் கொடுத்தாகணும். அவங்க ஸ்கூல்ல இருந்துதான் எனக்குப் பாதி ஆர்டரே வருது. ஒரு தடவை சொதப்பினேன், வேற ஆளைப் பாத்துடுவாங்க."

அவர் செருப்பை மாட்டினார். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். அவள் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"கெடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறதுதானே மரியாதை."

செருப்பு கழன்றது.

"திருப்பிக் கொடுக்கிறதுன்னு மொட்டையா சொல்லக்கூடாதும்மா. தமிழ்ல எல்லாத்துக்கும் ஒரே திருப்பி. இங்கிலீஷ்ல அப்படியில்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வார்த்தை."

"சாணைக்காரர் போயிடுவார்ங்க."

"போகட்டும், கேளு. வாங்கின பொருளோ வேலையோ சரியில்லைன்னா, வித்தவன் கொடுக்கிறது ரீஃபண்ட். நீ என்கிட்ட எதுவும் வாங்கலை. அதனால அது செல்லாது. எனக்காக நீ உன் கையை விட்டுச் செலவு பண்ணி, அதை நான் கொடுத்தா ரீஇம்பர்ஸ். அதுக்கு ரசீது வேணும். கடனா வாங்கினதைக் கொடுத்தா ரீபே. உதவிக்கு உதவி செஞ்சாலும் ரீபேதான். அடுத்தவங்களுக்கு நஷ்டம் வந்து, அதை ஈடு கட்டினா காம்பன்சேட். அதைப் பணமாத்தான் கட்டணும்னு இல்ல, வேற விதமாவும் கட்டலாம். இப்ப சொல்லு, நீ எதைக் கேக்கிறே?"

அவர் எதிர்பார்த்தது சண்டை. அவள் பாபினில் நூல் சுற்றிக்கொண்டே, "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னதில்லை. சொன்னார். உதாரணத்தோடு சொன்னார். எழுந்து நடந்துகொண்டே சொன்னார். கீழே சாணைச் சக்கரத்தின் கிறீச் சத்தம் நின்றுபோனது. அவர் நிறுத்தவில்லை.

"ஒரே ஆளு நாலையும் கேக்க முடியுமாங்க?"

"நாலும் வேற வேற விஷயத்துக்குன்னா தாராளமா கேக்கலாம். யாரும் மறுக்க முடியாது." மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது. "எங்க மேனேஜருக்கே இது தெரியாது."

சனிக்கிழமை முழுக்க அவள் நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரியால் மூன்று பிளவுஸையும் வெட்டினாள். கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார் மனுஷன். ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஃபுட்பால் ஃபைனல் மேட்ச். அதற்காக ஒரு மாதமாகக் காத்திருந்தார். சாய்வு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தலையணை வைத்து, ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

"என்னங்க, மனு கொண்டுவந்திருக்கேன்."

நிமிர்ந்து பார்த்தார். தையல் மிஷினுக்கு மேலே ஆணியில் அவருடைய அட்டையே தொங்கியது.

"முதல்ல ரீஃபண்ட். அடுப்படி அலமாரிக் கதவைச் சரி பண்ணித் தரேன், அதுக்குப் பதிலா என்னைப் பாத்திரம் கழுவச் சொல்லாதேன்னு பேசினீங்க. நானும் கழுவினேன். கதவு இன்னும் ஒத்தைக் கீல்ல தொங்குது. வேலை சரியில்ல. கழுவினதையெல்லாம் திருப்பிக் கொடுங்க. தொட்டியில இருக்கு."

"அது வந்து..."

"ரெண்டாவது ரீஇம்பர்ஸ். உங்க மேனேஜர் பேன்டுக்கெல்லாம் என் காசுல ஜிப்பும் நூலும் வாங்கி இலவசமா மாத்திக் கொடுத்தேனே, உங்களுக்காக."

"ரசீது?" பிடித்துவிட்டார் பாயின்ட்டை.

மிஷின் டிராயரைத் திறந்தாள். கடை ரசீதுகள் ஒரு ஊக்கில் கோத்துக் கிடந்தன. அவர் டிராயரை மூடினார்.

"மூணாவது ரீபே. உங்களுக்கு முதுகு பிடிச்சுக்கிட்டப்ப சாக்ஸ் மாட்டிவிட்டது யாரு? குனிஞ்சு வெட்டி இப்ப எனக்கு முதுகு பிடிச்சிருக்கு. துவைச்ச துணியை மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போங்க. நாலாவது காம்பன்சேட். கத்தரி போனதால ஒரு நாள் வேலை நஷ்டம். பணம் வேண்டாம். வேற விதமாவும் கட்டலாம்னு நீங்கதான் சொன்னீங்க. மூணு பிளவுஸுக்கும் ஹூக் வைங்க."

"நாலையும் ஒரே நாள்ல கேக்கக்கூடாது!"

"வெள்ளிக்கிழமை நீங்க சொன்னப்ப அப்படி ஒரு விதி இல்லையே?"

அவருக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். டீச்சர் பாடம் நடத்துவதே இங்கிலீஷ். படித்தவர், நியாயம் சொல்வார்.

டீச்சர் வந்தார். டீ டம்ளரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். தன் பிளவுஸில் ஹூக் இல்லாததையும் பார்த்தார்.

"விளக்கம் எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க சார். ஒண்ணை மட்டும் விட்டுட்டீங்க. பே பேக். அதுல கடனைத் தீக்கிறதும் வரும், பழி தீக்கிறதும் வரும்."

"அதை நான் இன்னும் கேக்கவே ஆரம்பிக்கலை டீச்சர்," என்றாள் தையலக்கா.

கிளெய்ம் சார் பாத்திரம் கழுவினார். ஜிப்புக்கும் நூலுக்கும் ஆன காசை எண்ணி வைத்தார். ஈரத்துணி வாளியை மாடிக்குத் தூக்கினார். படியில் நின்று மூச்சு வாங்கும்போது ஊரே ஒரே குரலில் கத்தியது. யாரோ கோல் போட்டிருக்கிறார்கள். யார் என்று சொல்ல ஆள் இல்லை. இறங்கி வந்து ஊசியை எடுத்தார். முதல் ஹூக் தலைகீழாக வந்தது. இரண்டாவது ஹூக்கோடு அவருடைய வேட்டியும் சேர்ந்து வந்தது.

"அய்யோ, அது என் பிளவுஸ் சார்," என்றார் டீச்சர். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. தையலக்காவுக்கு அது கேட்டது. பாதி ஆர்டர் அந்தக் குரலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது கீழே தெருவில் மறுபடியும் சாணைச் சக்கரம் கிறீச்சிட்டது.

"ஏங்க, போதும்," என்றாள். "ஊசியைக் கீழ வைங்க. ஹூக்கை நானே பாத்துக்கறேன், டீச்சர் டீ குடிக்கிறதுக்குள்ள முடிச்சுடுவேன். நீங்க கத்தரியை எடுத்துட்டுப் போய்த் தீட்டிட்டு வந்து மேட்ச் பாருங்க. மிச்சம் இருக்கிறதை நான் விட்டுடறேன்."

விடுதலை. கத்தரியை எடுத்தார். ஒரு செருப்பை மாட்டினார். டிவியில் மேட்ச் இன்னும் பாதி பாக்கி இருந்தது. மாடிப்படி எதிரிலேயே இருந்தது. இன்னொரு செருப்பு மட்டும்தான்.

நின்றார்.

"விட்டுடறேன்னு மொட்டையா சொல்றியே. வெய்வ் பண்றியா, வித்ட்ரா பண்றியா? வெய்வ்னா கேக்கிற உரிமையையே விட்டுட்டேன்னு அர்த்தம். வித்ட்ரான்னா மனுவை மட்டும் எடுத்துக்கறது, நாளைக்கு மறுபடியும் போடலாம். இது ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னா டீச்சர்..."

தையலக்கா ஊசியில் புது நூல் கோத்தாள். முடிச்சுப் போட்டாள். அவர் கையில் கொடுத்தாள். கீழே சக்கரச் சத்தம் மெல்ல அடுத்த தெருவுக்குப் போனது.

அவள் கேட்டது தெருமுனை வரைக்கும் போய்விட்டு வரச்சொல்லித்தான். இரண்டு தடவை கேட்டாள். மனுஷன் இரண்டு தடவையும் போகவில்லை.