ஓர்யானின் ரத்த தானம்

"யாரு உனக்கு நன்றி சொல்றாங்க?" என்று கேட்டாள் மனைவி குன்வோர்.

காபி மேசையில் கிடந்த போனை ஓர்யான் கவிழ்த்துப் போடுவதற்குள், பக்கத்து வீட்டு மாய்-பிரிட் எட்டிப் பார்த்துச் சத்தமாகவே படித்துவிட்டாள். "'ஓர்யான், உன் ரத்தத்துக்கு நன்றி!' அட!"

நன்றி சொன்னது ஒரு ரத்தக் காட்டேரி. போனுக்குள் இருக்கும் சூதாட்டத்தில் அவனுக்கு உத்தியோகம். பொத்தானை அழுத்தினால் வௌவால், பூண்டு, சவப்பெட்டி என்று படங்கள் சுழலும். ஒரே வரிசையில் சவப்பெட்டிகளாக வந்து நின்றால் பணம் கொட்டும். நிற்காது. நிற்காதபோதெல்லாம் காட்டேரி கோப்பையை உயர்த்தி நன்றி சொல்லுவான். மரியாதை தெரிந்தவன்.

அந்தக் கோப்பையில் ஓர்யான் ஊற்றியது கூரைப் பணம். ஒழுகுகிற கூரையை மாற்றப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வருஷக்கணக்காகச் சேமித்தது. இப்போது கணக்கைத் திறந்தால் அடி தெரிகிறது. தான் எடுத்ததைவிடக் கூடுதலாகவே குறைந்திருக்கிறதோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம். சூதாடுகிறவனுக்குக் கணக்கு எங்கே நினைவிருக்கும் என்று தன்னையே நொந்துகொண்டான்.

"ரத்த வங்கிலேர்ந்து," என்றான். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அதுதான். "குன்வோருக்கு வருமே, அதே மாதிரி."

அவர்கள் நாட்டில் அது வழக்கம். கொடுத்த ரத்தம் ஒரு நோயாளிக்கு ஏறியதும் கொடுத்தவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வரும். குன்வோர் பல வருஷமாகக் கொடுக்கிறவள். சமையலறையில், தேவாலயப் பாட்டுப் பயிற்சியில், குளியலறையில், எங்கே இருந்தாலும் அவள் போன் 'டிங்' என்னும். "யாரோ ஒரு உயிர் பொழச்சுது," என்று சொல்லிப் போனைப் பைக்குள் போட்டுக்கொள்வாள்.

இப்போது அவள் ஓர்யானை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் வெளுத்துப்போனது.

"நீயா? ஊசியப் பாத்தா சுவத்தப் பிடிச்சுக்கற நீயா?"

"பழகிட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"கோடைலேர்ந்து."

"ஒரு வார்த்தை சொல்லல."

"நல்லது பண்றவன் தம்பட்டம் அடிப்பானா?"

மாய்-பிரிட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ அடிக்க வேணாம் ஓர்யான். அதுக்குத்தான் நான் இருக்கேனே!"

இருந்தாள். தேவாலயப் பாட்டுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துபோனது.

மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு மாறியது. பன்றி ரத்தத்தில் மாவு கலந்து வேகவைத்த கறுப்புக் கட்டியை வில்லை போட்டு வெண்ணெயில் வறுத்து, பக்கத்தில் லிங்கன்பெரி என்ற புளிப்புப் பழத்தின் ஜாமோடு வைத்தாள் குன்வோர்.

"சாப்பிடு. ரத்தம் குடுக்கறவனுக்கு இரும்புச் சத்து வேணும்."

"நீயும்தான குடுக்கற? உனக்கு?"

"எனக்கு ஊறிப்போச்சு. நீ சாப்பிடு."

அந்தக் கறுப்பு வில்லையைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்குப் பிடிக்காது. வாரம் முழுக்கத் தின்றான். வெள்ளிக்கிழமை தொண்டைக்குள் இறங்கவில்லை.

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார். ரத்த அழுத்தமாம்," என்றான்.

அன்றைக்குச் சாயங்காலமே மாய்-பிரிட் வாசலில் நின்றாள். "ரத்த அழுத்தமா? எந்த டாக்டர்? என் தங்கச்சி பையன் அந்த ஆஸ்பத்திரியிலதான் இருக்கான், கேட்டுச் சொல்றேன்."

"வேணாம் வேணாம். சரியாயிடுச்சு."

"மத்தியானம் இருந்தது சாயங்காலம் சரியாயிடுச்சா?"

"இப்பல்லாம் நல்ல மாத்திரை வருது."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு!" என்று கை தட்டினாள் அவள். "அடுத்த சனிக்கிழமை ரத்த தான பஸ் நம்ம சதுக்கத்துக்கு வருது. பாட்டுக் குழு மொத்தமும் குடுக்கப் போறோம். முன்னால நீங்க ரெண்டு பேர். பத்திரிகைலேர்ந்து படம் எடுக்க வராங்க."

"ஒரு தடவை குடுத்தா மூணு மாசம் விடணும்," என்றான் ஓர்யான்.

"நீ கோடையில குடுத்தவன். இப்ப நவம்பர்."

"சனிக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போறேன்," என்றாள் குன்வோர்.

"அக்காவையும் கூட்டிட்டு வா! அது சரி, என்ன இது, தரையில வாளி? கூரைய எப்பதான் மாத்தப் போறீங்க?"

"வசந்தம் வரட்டும். பனியில எவன் ஏறுவான்?" என்றாள் குன்வோர் சட்டென்று.

ஓர்யானுக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. இவ்வளவு நல்லவளையா ஏமாற்றுகிறோம்!

ஒரே வழிதான் மிச்சம். பொய்யை உண்மையாக்கிவிடுவது. பஸ் வருவதற்கு முந்தின நாள், காருக்குப் பனிக்கால டயர் மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். சனிக்கிழமை வர முடியாது என்று அக்காவிடம் நேரில் சொல்லிவிட்டு வருவதாகக் குன்வோரும் ரயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் ரத்த தானப் பிரிவில் போய் நின்றான்.

"பேரு?" என்றாள் நர்ஸ்.

"ஓர்யான் ஹெட்மான்."

"முதல் தடவையா?"

"உங்க கம்ப்யூட்டருக்குத்தான் முதல் தடவை. எடுத்துக்கங்க, இப்பவே." சட்டைக் கையை மடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னைக்கு எடுக்க மாட்டோம். முதல்ல சோதனை. எல்லாம் சரியா இருந்தா அப்புறம் கூப்பிடுவோம்."

"எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க."

"இது மீன் சந்தை இல்ல, பேரம் பேச."

கூப்பிடாமலே வந்து மாசக்கணக்காக உறிஞ்சினான் ஒருத்தன். இங்கே கெஞ்சிக் கையை நீட்டியும் ஒரு சொட்டு வேண்டாம் என்கிறார்கள். ஓர்யான் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, காட்டேரியிலிருந்து கூரைவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"நாளைக்கு பஸ்ல என் பேர் இல்லன்னு தெரிஞ்சா அவ போனக் கேப்பா. போனப் பாத்தா கணக்கப் பாப்பா. கணக்குல ஒண்ணும் இல்ல. முப்பது வருஷக் குடித்தனம், அத்தோட போச்சு."

"நீங்க சொன்னத அவங்க நம்பினாங்களா?"

"நம்பாம? அவளுக்குத்தான் நாள் தவறாம அந்த நன்றிச் செய்தி வருமே."

நர்ஸ் புருவத்தைத் தூக்கினாள். "எங்ககிட்டேர்ந்தா? பொம்பளைங்க வருஷத்துக்கு மூணு தடவைக்கு மேல குடுக்கவே முடியாதே."

அது அவன் காதில் ஏறவில்லை. ஒரு முடிவுக்கு வந்திருந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். அழுவா, திட்டுவா. ஆனா மன்னிப்பா. ஏன்னா அவளுக்குப் பொய்யே தெரியாது, சிஸ்டர். எங்க வீட்டுல அழுக்கு நான் ஒருத்தன்தான்."

நர்ஸ் பதில் சொல்வதற்குள், நடைபாதைப் பக்கம் இன்னொரு நர்ஸ் கதவைத் திறந்து, வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"முதல் தடவையா குடுக்க வந்தவங்கள்ல அடுத்தது யாரு, குன்வோர் ஹெட்மானா? வாங்கம்மா, புருஷனுக்குத் தெரியறதுக்குள்ள முடிக்கணும்னு சொன்னீங்களே!"