கற்பூரத்தை அணைத்தது காற்றுதான்

குண்டசாலை,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை ரவிகுமார் அவர்களுக்கு, மாமா கறுப்பையா எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அத்தை வெள்ளிக்கிழமையிலிருந்து சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோவதால், நான் மட்டும் நலம். நிறைமாதமாயிருக்கும் யசோதினியின் நலமறிய ஆவல். போனில் பேசினால் அத்தை ஸ்பீக்கரைப் போடச் சொல்லுவாள். இது அவள் காதில் விழக்கூடாத விசயம்.

நிறைமாதக்காரியை விட்டுவிட்டு மாப்பிள்ளை தொல்பொருள் ஆராய்ச்சி என்று அப்படி எந்தக் குகையில் எதைத்தான் அளக்கிறார் என்று அவள் கேட்டதற்காக, நீங்களும் முகம் கோணாமல் வெள்ளிக்கிழமை எங்களை ஹேவாஹெட்ட பக்கத்து மலைக்குக் கூட்டிப்போனீர்கள். தேயிலையைத் தாண்டிக் காட்டில் ஏறும்போதே என் செருப்பு அறுந்தது, அட்டை கடித்தது, மூச்சு வாங்கியது, அதெல்லாம் போகட்டும். "தொடாதீங்க, பிளாஷ் போடாதீங்க, கிட்டப்போய் மூச்சுக்கூட விடாதீங்க" என்று நீங்கள் சொன்னதற்கெல்லாம் அத்தை மரியாதைக்குத் தலையாட்டினாள். ஏறிப்போகிற மலையெல்லாம் அவளுக்குக் கோயில்தான். அவள் பையில் பிளாஸ்குக்கு அடியில் தேங்காயும் கற்பூரமும் இருந்தது எனக்கே தெரியாது. குகைச் சுவரில் எந்தக் காலத்திலோ யாரோ சாம்பலைக் குழைத்து வரைந்த யானை, மான், வில்லுக்காரன் எல்லாம் காட்டினீர்கள். எனக்கு யானை மட்டும் யானையாகத் தெரிந்தது. ஓரத்தில் வயிறு பெருத்த ஓர் உருவம். "உடும்பாவும் இருக்கலாம், இன்னும் முடிவாகல" என்றீர்கள். "புள்ளத்தாச்சி தம்பி இது. நம்ம யசோ மாதிரியே இடுப்புல கைய வச்சிக்கிட்டு நிக்கிறா" என்றாள் அத்தை.

நீங்கள் அளவு நாடா எடுக்கத் திரும்பினீர்கள், கற்பூரம் எரிந்தது, புகை அந்த உருவத்தை நோக்கிப் போனது, நீங்கள் பாய்ந்துவந்து ஊதிவிட்டீர்கள். உங்கள் வேலை அது, குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைப்பேறுக்காக ஏற்றிய கற்பூரத்தை வாயால் ஊதி அணைக்கலாமா? இறங்கும்போது அவள் முன்னால், நீங்கள் பின்னால். நான் அட்டையோடுதான் பேசிக்கொண்டு வந்தேன்.

அபசகுனம் என்றுதான் அவள் இப்படிக் கிடக்கிறாள். அதனால், "மாப்பிள்ள ஊதலடி, ஏதோ சொல்ல வாயத் தெறந்தாரு, அந்த நேரம் பாத்து காத்து அடிச்சிருச்சு" என்று சொல்லிவைத்திருக்கிறேன். நம்பினாளா தெரியவில்லை, அன்றைய ரசத்தில் உப்பே இல்லை. தயவுசெய்து நீங்களும் காற்று என்றே சொல்லுங்கள். எந்தப் பக்கத்துக் காற்று என்று கேட்டால், கிழக்கு. பொய் சொல்ல வராவிட்டால் திரும்பிக்கொண்டு இருமுங்கள். பிரசவ நேரத்தில் அவள் கலங்காத மனதோடு மகள் பக்கத்தில் இருக்க வேண்டும், எனக்கு அது போதும்.

சுகப்பிரசவமாகித் தாயும் பிள்ளையும் கல்லுப்போல இருக்கக் கதிர்காமத்தான் துணை.

இப்படிக்கு,
காற்றுக்குச் சாட்சியான மாமா,
கறுப்பையா

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசலில் ஆட்டோ நின்றது. நீங்களேதான், கையில் தேங்காயோடு. நான் கண் காட்டுவதற்குள், "அத்த, நான்தான் ஊதுனேன், மன்னிச்சிருங்க" என்றுவிட்டீர்கள். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியும் தம்பி. பொக அவ மொகத்துக்குப் போகுதேன்னு நானும் ஊதத்தான் குனிஞ்சேன், நீங்க முந்திக்கிட்டீங்க. அன்னையிலேருந்து சோறு எறங்கல. அந்தப் புள்ளத்தாச்சிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை என்று போனில் அந்தக் குகைச் சுவர்ப் படத்தைக் காட்டினீர்கள். இப்போது இருவரும் குசினியில் சாப்பிடுகிறீர்கள். எழுதியது வீணாக வேண்டாமென்று இதை உங்கள் பையில் வைக்கிறேன். கிழக்குக் காற்றை மட்டும் மறந்துவிடுங்கள்.