கதவை மறிக்காத சிப்பாய்

சென்னையில் அடுத்தவர் பின்னால் ஒழுங்காக நடக்கத் தெரிந்த ஆள் ஒரே ஒருத்தன்தான் இருந்தான். மற்ற எல்லோரும் இடிப்பார்கள், முந்துவார்கள், நம் குதிகாலை மிதித்துவிட்டு நம்மையே 'பார்த்துப் போய்யா' என்பார்கள். இவன் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில்கூட ஒருவர் மேலும் படாமல், போகிற ஆளையும் தவறவிடாமல் பின்னாலேயே போய்விட்டு வருவான். அதனால் ஆபீசில் அவனுக்கு வால் என்று பேர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அங்கேயே இருந்துவிட்டது.

ஊர்ப் பெயர்ப் பலகைகளில் மெட்ராஸை அழித்துச் சென்னை என்று எழுதிக்கொண்டிருந்த காலம். அடையாறில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி. ஆறு பேர், நாலு கம்ப்யூட்டர். கீழே மோட்டார் ஓட ஆரம்பித்தால் மேலே மேஜையில் டம்ளர் தானாக நகரும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பதால் ஏ.சி. அறைக்கு வெளியே செருப்பைப் பயபக்தியோடு கழற்றிவிட்டு, தலையெல்லாம் கோதுமை மாவோடு உள்ளே போவோம்.

ஹாலந்தில் இருந்த ஒரு கம்பெனி எங்களுக்கு ஒரு வீடியோ கேம் வேலை கொடுத்திருந்தது. ஒரு கோட்டை. அதற்குள் ஒரு வீரன். விளையாடுகிறவர் அவனைக் கீபோர்டில் நடத்த வேண்டும். வீரனுக்குத் துணையாக ஒரு சிப்பாய் வருவான். அவனை யாரும் நடத்த வேண்டாம், கம்ப்யூட்டரே நடத்தும். கோட்டை, எதிரிகள், துப்பாக்கிச் சத்தம் எல்லாவற்றையும் ஹாலந்துக்காரர்களே செய்துவிட்டார்கள். எங்களுக்கு விட்டது அந்தத் துணைச் சிப்பாயை மட்டும்தான். கல்யாணப் பந்தியில் இலைக்கு உப்பு மட்டும் வைக்கச் சொன்ன மாதிரி. அந்த உப்பையும் நான் கொட்டிவிட்டேன்.

நான் புரோகிராம் எழுதி உண்டாக்கிய சிப்பாயின் லட்சணம் இது. வீரன் ஓர் அறைக்குள் நுழைந்தால் இவன் வந்து வாசலில் நிற்பான். உள்ளே நாலு எதிரிகள் சுடுவார்கள். வீரன் வெளியே ஓடி வரப் பார்ப்பான். இவன் நகரமாட்டான். சில சமயம் கடமை உணர்ச்சி பொங்கி எதிரியைக் குறிபார்த்துச் சுடுவான், நடுவில் வீரனின் முதுகு இருக்கும். எதிரிகள் எல்லோரும் சேர்ந்து வீரனைக் கொன்றதைவிட இவன் ஒருத்தன் கொன்றது அதிகம்.

எங்கள் எம்.டி. மயிலாப்பூர்க்காரர். ஒரு நாள் திரையைக் குனிந்து பார்த்தார். "என்னய்யா இது, எங்காத்து மாப்பிள்ளை மாதிரி வாசப்படியிலேயே நின்னுண்டிருக்கான்?" என்றார்.

இந்த நிலைமையில்தான் ஹாலந்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது. சிப்பாய் தயாரா? 'தயார்' என்று நான் பதில் அனுப்பினேன். இந்தப் பொய்யை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. என் மேஜையில் 'டீம் லீடர்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? மறுநாளே அடுத்த ஃபேக்ஸ். மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை அங்கிருந்து ஒருவர் நேரில் வந்து விளையாடிப் பார்ப்பார் என்று.

எங்களிடம் இருந்தது அந்த ஒரு வேலைதான். எம்.டி. என்னைக் கூப்பிட்டுக் குரலை உயர்த்தாமல் சொன்னார். "வெள்ளிக்கிழமை அவன் சரின்னு சொல்லலேன்னா சனிக்கிழமை யாரும் வர வேண்டாம். நானே வரப்போறதில்லே."

நானோ நிரந்தரமான பாங்க் உத்தியோகத்தை உதறிவிட்டு இங்கே வந்தவன். அன்றிலிருந்து அப்பா என்னிடம் அம்மா வழியாகத்தான் பேசினார். இதுவும் போனால் அம்மா வழியாகவும் பேசமாட்டார். எனக்குத் தூக்கம் போயிற்று, பசி போயிற்று. குழாயில் தண்ணீர் சொட்டினால்கூட அதன்மேல் கோபம் வந்தது. வேறு வழி தெரியாமல் சிப்பாயை வாலிடம் ஒப்படைத்தேன்.

வால் என்னைவிட மூன்று வயது மூத்தவன். தி.நகரில் ஒரு வீடியோ கேம் கடையில் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். கெட்டுப்போனதைப் பிரித்துப் பிரித்துத் தானாகவே தொழில் கற்றுக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தான். சிப்பாய் கைக்கு வந்ததும் மூன்று நாள் அவன் கீபோர்டைத் தொடவே இல்லை. ஆபீசில் ஒவ்வொருவர் பின்னாலும் நடந்தான். எம்.டி. பாத்ரூமுக்குப் போனால் இவனும் போய்ச் சுவரோரம் நின்று, அவர் வந்ததும் பின்னாலேயே திரும்பி வந்தான். எம்.டி. கலங்கிப்போய் என்னிடம் கேட்டார். "எனக்கு உடம்பு சரியில்லேன்னு யாராவது சொன்னாளா?"

நான் வாலைப் பிடித்துக் கத்தினேன். "வேலையைப் பார்க்காம என்ன பண்றே நீ?"

"கூடப் போறதுன்னா இன்னான்னு தெரியாம எப்படி நைனா எழுதறது? நீ எழுதின சிப்பாய் கீறானே, அவன் ஆளாண்ட போறான். ஆளோட போவல."

மறுநாள் என்னை ரங்கநாதன் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனான். "நீ பாட்டுக்குப் போ. திரும்பிப் பாக்காத. நான் பின்னாடி வரேன். இன்னா ஆனாலும் பேசக்கூடாது" என்றான். நான் நடந்தேன். உஸ்மான் சாலையைத் தாண்டி, பஸ் ஏறி, அடையாறில் இறங்கி, ஆபீஸ் படியில் வைத்துத் திரும்பிப் பார்த்தேன். வால் இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வந்தான். தெருமுனையில் ஒரு கான்ஸ்டபிள் அவன் சட்டைக் காலரைப் பிடித்திருக்கிறார். "அரை மணி நேரமா அந்தாள் பின்னாடியே போற. பாக்கெட்டைத்தானே பாக்குற? யாருடா நீ?" இவன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். "சார், நான் சிப்பாய்." அவர் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். பாக்கெட் போயிற்று என்று யாரும் புகார் கொடுக்க வராததால் மூன்று மணிக்குத்தான் விட்டிருக்கிறார்.

நான் கேட்டேன். "பிடிச்ச உடனே என்னை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே?"

"பேசக்கூடாதுன்னு சொன்னது நான்தானே. நானே மீறினா எப்படி?" என்றவன் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தான். "நாலடி. அதான் கரீட்டு. ரெண்டடின்னா கழுத்துல மூச்சு படுது. ஆறடின்னா நடுவுல ஒரு குடும்பமே பூந்துடுது."

இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. திடீரென்று மத்தியானங்களில் ஆள் காணாமல் போனான். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். வேறு கம்பெனியில் வேலை தேடுகிறான் என்றே முடிவு கட்டினேன். ஐந்தாம் நாள் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக நானே அவன் பின்னால் போனேன். அவன் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். வெளிநோயாளிகள் காத்திருக்கும் நீளமான கூடத்தில் ஒரு தூண் பக்கம் நின்றான். நான் அடிமேல் அடி வைத்து நெருங்கினேன். அவன் திரும்பாமலே சொன்னான்.

"நாலடி நைனா. நீ ஒன்றரை அடில கீற."

எனக்கு வந்த கோபத்தில் அந்த இடத்திலேயே சண்டை பிடித்திருப்பேன். அவன் கூடத்தைக் காட்டினான்.

"பேஷண்டுங்கள பாக்காத. கூட வந்தவங்கள பாரு. ஒர்த்தராவது வாசப்படில நிக்கறாங்களா? எல்லாம் கதவுக்குப் பக்கத்துல, செவுத்தோரம். அதோ அந்தம்மாவப் பாரு. வூட்டுக்காரரால நடக்க முடியல, நின்னுட்டாரு. வா வான்னு இழுக்கல. அதுவும் நின்னுடுச்சி. ஸ்ட்ரெச்சரு தள்ளிக்கினு வராங்க பாரு, அதுக்கும் அவருக்கும் நடுவுல போய் நின்னுக்குது. அவரு மறுபடி கால எடுத்து வச்சாதான் இதுவும் நடக்கும்."

நான் பார்த்தேன். அந்த அம்மாள் அப்படித்தான் நின்றார். கையில் ஃபைல், தோளில் ஒயர் கூடை, முகத்தில் அவசரமே இல்லை.

"எங்கம்மாவ எட்டு மாசம் இங்க கூட்டியாந்தேன்" என்றான் வால். "நான் முன்னாடி போய்க்கினே இருப்பேன். 'சீக்கிரம் வாம்மா, டோக்கன் போயிடும்'னு சொல்லிக்கினே போவேன்."

  ஆபீசுக்குத் திரும்பும்போது நான் அவனுக்கு நாலடி பின்னால் நடந்தேன்.

அதன் பிறகு ஒரே வாரம். சிப்பாய் வேறு ஆளாகிவிட்டான். வீரனுக்கு நாலடி பின்னால் வந்தான். கதவு வந்தால் சுவரோரம் ஒதுங்கினான். வீரன் குறுக்கே இருந்தால் சுடாமல் பொறுத்தான். அந்த ஃபேக்ஸுக்குப் பிறகு எனக்கு முதல்முறையாகப் பசித்தது. அப்போதுதான் அவன் சேர்த்திருந்த இன்னொரு சங்கதி கண்ணில் பட்டது. வீரன் அசையாமல் நின்றுவிட்டால் சிப்பாய் எதிரியைத் துரத்துவதை விட்டுவிட்டு, வீரனுக்கும் ஆபத்துக்கும் நடுவில் வந்து நின்று, அவன் நகரும்வரை காவல் காப்பான்.

"இது எதுக்கு?" என்றேன். "விளையாட உட்கார்ந்தவன் எதுக்குச் சும்மா நிக்கப் போறான்? இதனால மெஷின் வேற மெதுவாகுது. ஒப்பந்தத்துல இல்லாத வேலை. எடுத்துடு."

"அவனால முடியாமப் போனா?"

"ஏன் முடியாமப் போகுது? எடுத்துடு."

வியாழக்கிழமை மறுபடியும் கேட்டேன். "எடுத்துட்டியா?"

"நீ சொன்னா சரி நைனா."

அது பதிலே இல்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் எம்.டி. மில்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். பத்திலிருந்து பன்னிரண்டு வரை மோட்டாரை ஓட்டவேண்டாம். மில்காரர் நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார். ஹாலந்துக்காரர் வந்தார். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைகிற உயரம். எங்களைப் பார்த்துத் தானும் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பின்னால் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மனிதர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதல் கதவு. சிப்பாய் ஒதுங்கினான். இரண்டாவது கதவு. ஒதுங்கினான். வேண்டுமென்றே குறுகலான சந்தில் போய்ச் சட்டென்று திரும்பினார். சிப்பாய் வழிவிட்டான். எம்.டி. உதடு மட்டும் அசைய ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார். என் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கடைசி மண்டபம் வந்தது. ஏழு எதிரிகள். இங்கே பிழைத்தால் சனிக்கிழமை உண்டு.

அப்போதுதான் அந்த நெடி வந்தது.

மில்காரர் வாக்குத் தவறவில்லை. பெரிய மோட்டாரை ஓட்டவே இல்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் அவசரமாகக் கொண்டுவந்த எட்டுக் கிலோ மிளகாயைச் சின்ன மெஷினில் போட்டுவிட்டார், அவ்வளவுதான். ஏ.சி. அதை நன்றாக இழுத்து, குளிரவைத்து, எங்கள் எல்லோர் மூக்கிலும் சமமாக விட்டது.

ஹாலந்துக்காரர் ஒரு தும்மல் போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. ஒன்பது வரை எண்ணினேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியோடு பின்னால் போனார். அவர் நாட்டில் மிளகாய் என்றால் படத்தில் பார்ப்பதோடு சரி போலிருக்கிறது. கீபோர்டில் கை இல்லை. கோட்டைக்குள் வீரன் நட்ட கம்பம் மாதிரி நின்றான். ஏழு பேரும் நாலு பக்கத்திலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். நானும் தும்மினேன், கண்ணை மூடினேன். பாதி மிளகாய், பாதி பயம். பாங்க் வேலை, அப்பா, எல்லாம் கண்ணுக்குள் வந்து போயிற்று.

வீரன் செத்தால் ஓர் அலறல் கேட்கும். கேட்கவில்லை. கண்ணைத் திறந்தேன்.

சிப்பாய் வீரனுக்கு முன்னால் வந்து நின்றிருந்தான். யாரையும் துரத்தவில்லை. கிட்டே வந்தவனைச் சுட்டான், பக்கம் மாறி நின்றான், அடுத்தவனைச் சுட்டான். ஏழு பேரும் விழுந்த பிறகும் அப்படியே காத்திருந்தான். ஹாலந்துக்காரர் கைக்குட்டைக்கு மேலே சிவந்த கண்களால் அதைப் பார்த்தார். தும்மல் நின்ற பிறகும் அவர் கீபோர்டைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். சிப்பாய் அசையவில்லை.

"இதை எழுதினது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எம்.டி. மூக்கைத் துடைத்துக்கொண்டே என்னை முன்னால் தள்ளினார். "எங்க டீம் லீடர்." ஹாலந்துக்காரர் கையை நீட்டினார். உடனே உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் முதலில் அந்தக் கையைக் குலுக்கினேன். குலுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். வால் தள்ளி நின்று, திரையில் எங்காவது பிழை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"எழுதினது நான் இல்லை. அதோ அவன்" என்றேன். "நான் இதை எடுத்துடச் சொன்னேன். அவன் எடுக்கலை."

முன்னால் தள்ளிய அதே கையால் எம்.டி. என் சட்டையைப் பின்னால் இழுத்தார். ஹாலந்துக்காரர் ஒரு கணம் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார், சிரிப்பு முடிவதற்குள் பத்தாவது தும்மல் வந்துவிட்டது. சனிக்கிழமை ஆறு பேரும் வேலைக்குப் போனோம்.

அன்று படிக்கட்டில் வைத்து வாலைப் பிடித்தேன். "எடுத்துட்டேன்னு ஏன் பொய் சொன்னே?"

"எங்க சொன்னேன்? நீ மூணு வாரமா தூங்கல. உங்கிட்ட சண்ட போட்டா இன்னும் தூங்கமாட்ட. அதான் வுட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

இரண்டு வருஷத்தில் கம்பெனி இடம் மாறியது, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போனோம். பிறகு நான் இருந்த இடங்களில் எனக்குக் கீழே ஏகப்பட்ட பேர் வேலை செய்தார்கள். நான் எடு என்றால் எடுத்தார்கள், வை என்றால் வைத்தார்கள். அவர்களை நம்பி நான் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. வாலுக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. அன்றைக்குத் தும்மலில் விட்டுப்போயிற்று, அப்புறம் கூச்சமாக இருந்தது. என் பேச்சைக் கேட்காதவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்களில் நான் இன்னும் தேடுகிறவன் அவன் ஒருத்தன்தான்.