அவசரம் லேது

திருப்பதியில் எங்கள் பல்கலைக்கழகத்தை நடத்தியவர் துணைவேந்தர் என்று வெளியில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நடத்தியவர் எங்கள் வரலாற்றுத் துறை அட்டெண்டர். புத்தூர்த் தமிழர். மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியவர் என்பதால் அவரை எல்லோரும் 'அட்மின் நைனா' என்றார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

காலையில் விடுதி உப்புமாவின் படம் குழுவில் வரும், பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற குறிப்போடு. ஒருநாள் மைனஸ் இரண்டு போட்டார். சமையல்காரர் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பழைய வினாத்தாள், பாட நோட்டு, பஸ் பழுது என்று ஆளாளுக்குப் படம் எடுத்து அனுப்புவார்கள். ரயிலில் வரும் பையன்களும் அங்கிருந்தே செய்தி போடுவார்கள். நான் வருகைப் பதிவேட்டைத் திறந்ததும் இவர் வாசலில் நின்று, "சார், பதினோரு பேர் பாகாலா தாண்டிட்டாங்க. கொஞ்சம் மெதுவாக் கூப்பிடுங்க" என்பார். நானும் மெதுவாகக் கூப்பிடுவேன்.

நூலகத்தில் கிடைத்த ஒரு பல்செட்டைச் சிவப்பு வட்டம் போட்டு, 'யாருது?' என்று ஒருமுறை குழுவில் போட்டார். அது என்னுடையது. மறுநாள் என் மனைவி போய், தன்னுடையது என்று சொல்லி வாங்கி வந்தாள்.

இனி நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலூர்க்காரன். முப்பது வருடம் ஆந்திராவில் வேலை பார்த்தும் என் தெலுங்கு வீட்டு வாசலைத் தாண்டவில்லை. ஆனால் அதைப் பேசுவதில் எனக்கு ஒரு பெருமை. ஒரு பருவத் தேர்வுக்கு நான்தான் பொறுப்பாளர். தேர்வுக்கு முந்தின நாள் ஹால் டிக்கெட் அச்சடிக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. ஜன்னலில் ஒரே கூட்டம். நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்ளலாம், இப்போது அவசரப்பட வேண்டாம் என்று குழுவில் போடச் சொல்வதற்காக, அட்மின் நைனாவுக்குக் குரல்பதிவு அனுப்பினேன். தெலுங்கில். "ஹால் டிக்கெட் அவசரம் லேதனி பெட்டு."

தமிழில் அவசரம் என்றால் விரைவு. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை; லேதனி பெட்டு என்றால் இல்லை என்று போடு. ஹால் டிக்கெட்டே தேவையில்லை என்று தேர்வுப் பொறுப்பாளர் அறிவித்துவிட்டார். பேராசிரியர் சொன்ன சொல்லைத் திருத்தக்கூடாது என்று, அட்மின் நைனா ஒரு எழுத்துகூட மாற்றாமல் குழுவில் போட்டார்.

மறுநாள் பாதிப் பேர் வெறுங்கையோடு வந்தார்கள். வாசலில் தள்ளுமுள்ளு. தேர்வு ஒரு மணி நேரம் தாமதம். விசாரணைக்கு மூன்று பேர் குழு அமைத்தார்கள். மூவரில் ஒருவன் நான்.

யார் சொல்லிப் போட்டாய் என்று தலைவர் கேட்டார். அட்மின் நைனா என்னைப் பார்த்தார். கையில் போன் இருந்தது; போனில் என் குரல் இருந்தது.

"யாரும் சொல்லல சார். நானேதான் போட்டேன்."

நான் குனிந்து, அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

சித்தூரில் எங்கள் பழைய ஆவண அறைக்கு அவரை மாற்றினார்கள். விடியுமுன் புத்தூரில் கிளம்ப வேண்டும். வாட்ஸ்அப் குழுவை விட்டும் விலகச் சொன்னார்கள், விலகினார். பத்து நிமிடத்தில் மாணவர்கள் புதுக் குழு தொடங்கி அவரையே அட்மின் ஆக்கினார்கள். பழையதில் ஆசிரியர்கள் நாங்கள் மட்டும் ஒருவருக்கொருவர் குட்மார்னிங் சொல்லிக்கொண்டு கிடந்தோம். ஒரு வாரம் கழித்து அவரே என்னைப் புதுக் குழுவில் சேர்த்துவிட்டார்.

அவர் மாற்றலாகிச் சித்தூர் கிளம்பிய அன்றே கேட்டிருந்தேன், அந்தக் குரல்பதிவை ஏன் போட்டுக் காட்டவில்லை என்று.

"போட்டா பசங்க அத ரிங்டோனா வச்சிக்கினு சுத்துவானுங்க சார். உங்க தெலுங்கு அப்படி."

நான் சிரித்தேன். உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. சொல்லவில்லை. அடுத்த வருடம் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன்.

போன மாதம் அவரும் சித்தூரிலேயே ஓய்வு பெற்றார். குழுவில் வாழ்த்து குவிந்தது. நான் அந்தக் குரல்பதிவைத் தேடி எடுத்துப் போட்டு, தவறு என்னுடையது, பழியை அவர் சுமந்தார் என்று கீழே நான்கு வரி எழுதினேன். ஐந்து நிமிடத்தில் இரண்டையும் காணோம். அட்மின் நீக்கிவிட்டார் என்று இருந்தது. மறுபடி போட்டேன். மறுபடி நீக்கினார். பிறகு போன் வந்தது.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இது? சும்மா இருங்க."

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அச்சான பக்கத்தில் அவர் கை வைக்க முடியாது. முடிந்தால், எனக்காக இதையும் நீக்கிவிடுவார்.