மாஸ்டருக்கு முன்னால் ஒரு டாக்ஸி

மாஸ்டருக்கு முன்னால் மூன்று மஞ்சள் டாக்ஸிகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுதான் அவருடையது. எது என்றுதான் தெரியவில்லை.

நகரத்து எல்லையில் டோல்கேட்டைத் தாண்டும்வரை ஒரே ஒரு டாக்ஸிதான் இருந்தது. அதன் பின்கண்ணாடியில் தலையாட்டும் நாய்ப் பொம்மை. அந்த நாயைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இப்போது மூன்று டாக்ஸிகளிலும் மூன்று நாய்கள் உட்கார்ந்துகொண்டு, அவரைப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டின.

"என்னங்க, ரொம்ப நேரமா அந்த டாக்ஸிங்க பின்னாடியே போறோமே?" என்றாள் மனைவி.

"பின்னாடி போகலை. மூணு செகண்ட் இடைவெளி விட்டுப் போறேன். ரூல்."

"பக்கத்து லேன் காலியா இருக்கு."

"காலியா இருக்கிற லேனை நம்பவே கூடாது."

மாஸ்டர் இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அவருடைய ஊரில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த யாரை எடுத்துக்கொண்டாலும், அவர் மாஸ்டரிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவராகத்தான் இருப்பார். ஸ்கூல் காரின் பின்கண்ணாடியில் கொட்டை எழுத்தில் 'எங்களைப் பின்தொடருங்கள், பத்திரமாகப் போய்ச் சேருங்கள்' என்று எழுதியிருக்கும். அந்தக் காரில்தான் இருவரும் வந்துகொண்டிருந்தார்கள். மாஸ்டர் வழக்கமாக உட்காரும் பக்கத்து சீட்டில், கற்றுக்கொடுப்பவருக்கென்று தனியாக இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் கால் படாமல், மனைவி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

இவ்வளவு பெரிய மாஸ்டருக்கு ஒரே ஒரு குறை. அவர் பெரிய ஊரில் வண்டி ஓட்டியதே இல்லை. சொந்த ஊரில் இருப்பது ஒரே ஒரு சிக்னல். அதுவும் பத்து வருடமாக மஞ்சளில் மினுக்கிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை பஸ்ஸில் நகரத்துக்கு வந்தவர், ஏழு சாலைகள் வந்து முட்டும் பெரிய ரவுண்டானாவை ஜன்னல் வழியாகப் பார்த்தார். அன்றைக்கு வயிற்றில் கரைய ஆரம்பித்த புளி இன்னும் கரைந்து முடியவில்லை.

ஸ்கூலில் அந்த ரவுண்டானாவைக் கரும்பலகையில் வரைந்து, பொம்மைக் கார்களை வைத்து எத்தனையோ பேருக்கு அக்குவேறு ஆணிவேறாக விளக்கியிருக்கிறார். பொம்மைக் கார்கள் ஒருநாளும் ஹார்ன் அடித்ததில்லை.

மனைவிக்கு நகரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மாஸ்டர் வருடத்துக்கு ஒரு சாக்கு கண்டுபிடித்தார். ஒரு வருடம் மழை, ஒரு வருடம் வெயில், ஒரு வருடம் அந்த ஊர்த் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. இந்த வருடம் அவள் முந்திக்கொண்டாள். பல் டாக்டர் கிளினிக்கில் அவளுக்கு வரவேற்பு மேஜையில் வேலை. டாக்டர் வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கள்வரை கிளினிக்கைப் பூட்டிவிட்டு வெளியூர் போவதாகச் சொன்ன அன்றே, ஹோட்டலில் ரூம் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

இல்லை என்று சொல்ல மாஸ்டருக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. "எங்க வீட்டுக்காரர் ஓட்டினா நான் தூங்கிட்டே போவேன்" என்று அவள் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் ஆபீஸ் கொடுத்த எந்தச் சான்றிதழையும்விட மாஸ்டருக்கு இதுதான் பெரிது. பயம் என்று வாயைத் திறந்தால் அது போய்விடும். அது மட்டும் போகக் கூடாது என்று உள்ளுக்குள் தவித்தார்.

போனில் வழி பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. "போன் சொல்றதைக் கேட்டு ஓட்டறதுக்கு, போனுக்கே லைசென்ஸ் கொடுத்துடலாமே" என்று இருபது பேர் முன்னால் கேட்டவர் அவர்.

என்ன செய்வதென்று விழி பிதுங்கி நின்ற நேரத்தில்தான், இரண்டு வாரத்துக்கு முன், சாலை விதிகள் புத்தகத்தைப் பிரித்தபோது ஒரு டாக்ஸிக்காரரின் கார்டு கீழே விழுந்தது. பார்த்தால் பழைய மாணவன். கிளட்சிலிருந்து காலை எடுக்கவே மாட்டான் என்பதால் மாஸ்டரே அவனுக்கு 'கிளட்ச்' என்று பெயர் வைத்திருந்தார். இப்போது அவன் நகரத்தில் டாக்ஸி ஓட்டுகிறான். எப்போது கொடுத்த கார்டோ, எந்தப் புண்ணியமோ என்று உடனே போனைப் போட்டார்.

"நீ முன்னாடி போ. நான் பின்னாடி வர்றேன். முப்பதுக்கு மேல போகாதே. திரும்பிப் பார்க்காதே. என்னை உனக்குத் தெரியவே தெரியாது. முக்கியமா என்கூட வர்ற அக்காவுக்கு விஷயம் தெரியக் கூடாது."

மறுமுனையில் கிளட்ச் இருமினான். "சரி மாஸ்டர்."

இப்படி எல்லாம் பக்காவாகத்தான் இருந்தது, மூன்று நாய்கள் வரும்வரை.

ரவுண்டானா வந்தது. கரும்பலகையில் இருந்ததைவிடக் கொஞ்சம் பெரிது. டாக்ஸிகள் உள்ளே நுழைந்தன. மாஸ்டரும் நுழைந்தார். ஒரு நாய் முதல் சாலையில் போனது, ஒரு நாய் மூன்றாவது சாலையில் போனது, இன்னொன்று எங்கே போனதென்றே தெரியவில்லை. மாஸ்டர் வெளியே வரவில்லை. வெளியே வருவதற்கு யாராவது இடம் கொடுக்க வேண்டுமே.

குறுக்கே ஒரு பஸ் வந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். கால் எந்த பெடலில் இருந்தது என்று அவருக்கே ஞாபகம் இல்லை. ஆனால் வண்டி கச்சிதமாக நின்றது. தன் காலுக்குத் தன்னைவிட அறிவு அதிகம் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் சுற்ற ஆரம்பித்தார்.

"என்னங்க."

"ம்."

"நடுவுல இருக்கிற சிலையை மூணாவது தடவை பார்க்கிறேன்."

"ஊரைச் சுற்றிப் பார்க்கணும்னு நீதானே சொன்னே?"

நாலாவது சுற்றில் ஒரு மஞ்சள் டாக்ஸி கண்ணில் பட்டது. பின்கண்ணாடியில் நாய். கிடைத்தது போதும் என்று அதன் பின்னாலேயே பாய்ந்து வெளியே வந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. டாக்ஸி இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய கேட்டுக்குள் திரும்பியது. மாஸ்டரும் திரும்பினார்.

அது பிரசவ ஆஸ்பத்திரி. டாக்ஸியிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இறங்கினாள். டாக்ஸி டிரைவருக்கு நரைத்த மீசை. அவர் கிளட்ச் இல்லை. அதற்குள் காவலாளி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து மாஸ்டர் மனைவியின் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"மெதுவா இறங்குங்கம்மா. வலி எப்போ ஆரம்பிச்சுது?"

"டோல்கேட்டுக்கு அப்புறம்" என்றாள் மனைவி, கணவனைப் பார்த்தபடி. பிறகு காவலாளியிடம், "ஒண்ணும் இல்லைங்க. எங்க பொண்ணே காலேஜ் படிக்கிறா" என்று சிரித்துக் கதவைச் சாத்தினாள்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "புது ஊருக்கு வந்தா முதல்ல ஆஸ்பத்திரி எங்கே இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கணும். நல்ல டிரைவரோட கடமை."

"பிரசவ ஆஸ்பத்திரியா?"

"எல்லா ஆஸ்பத்திரியும்தான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிளினிக்கில் பயந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள் அவள். "பயந்தவங்க ஒண்ணு வாயைத் திறக்க மாட்டாங்க, இல்லைன்னா மூட மாட்டாங்க" என்பாள். அவர்களிடம் பயப்படாதீங்க என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு பழைய பத்திரிகையைக் கையில் கொடுத்து, "சும்மா புரட்டிட்டு இருங்க" என்பாள். இதெல்லாம் இப்போது மாஸ்டருக்கு ஏன் ஞாபகம் வர வேண்டும்?

தண்ணீர் பாட்டில் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று போனை எடுத்தார்.

"எங்கேடா இருக்கே? ஊரெல்லாம் நாயா இருக்கு!"

"டாக்ஸி சங்கத்து ஆண்டுவிழாவுல நேத்து எல்லாருக்கும் அதே பொம்மையைக் கொடுத்துட்டாங்க மாஸ்டர். நான் முப்பதுல போனேன். நீங்கதான் இருபதுல வந்து தவற விட்டுட்டீங்க."

"ஆஸ்பத்திரி வாசலுக்கு வா. இந்தத் தடவை நாலு இண்டிகேட்டரையும் ஒண்ணா மினுக்க விட்டுட்டுப் போ. நாய் வேண்டாம்."

கிளட்ச் வந்தான். நாலு இண்டிகேட்டரும் மினுக்க மெதுவாக முன்னால் போனான். மாஸ்டருக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. பின்னால் வருகிறவர்கள் முட்டாமல் இருக்கத் தன் வண்டியிலும் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டார். அதைப் போடாமல் இருந்திருக்கலாம்.

இரண்டு தெரு தூரம் எல்லாம் வெண்ணெய் மாதிரி போனது. மறுபடியும் ரவுண்டானா வந்தது. மாஸ்டர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். நடுவில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் அவர்களைப் பார்த்தார், விசில் ஊதினார், இரண்டு கைகளையும் விரித்து மற்ற ஆறு சாலைகளையும் அப்படியே நிறுத்தினார். பஸ் நின்றது, லாரி நின்றது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மாஸ்டர் ராஜா மாதிரி ரவுண்டானாவைக் கடந்தார்.

"உங்களுக்காகவே நிறுத்தின மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி.

"முறையா ஓட்டினா மரியாதை தானா வரும்" என்றார் மாஸ்டர். பத்தொன்பது வருடப் புளி அந்த நிமிடம் கரைந்தே போய்விட்டது. கண்கூட லேசாகக் கலங்கியது. அந்தச் சந்தோஷத்தில் முதல் தடவையாகப் பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தார்.

பின்னால் ஒரு கார் வந்தது. மூக்கில் ரிப்பன் கட்டியிருந்தது, நாலு இண்டிகேட்டரும் மினுக்கின. அதன் பின்னால் இன்னொரு ரிப்பன் கார். அதன் பின்னால் இன்னொன்று. வளைவில் திரும்பும்போது எண்ணினார். பதினோரு கார்கள்.

மாஸ்டர் வேகத்தைக் குறைத்தார். பதினோரு காரும் குறைத்தன. கொஞ்சம் கூட்டினார். அவையும் கூட்டின. ஓரம் கட்டி வழிவிடலாம் என்றால் கிளட்ச் போய்விடுவான். ஆகவே பதினோரு காரையும் இழுத்துக்கொண்டே ஹோட்டல் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

முதல் காரிலிருந்து கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் இறங்கி வந்தார். அவர் மாப்பிள்ளையின் மாமா. மாப்பிள்ளை பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான்; அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"மண்டபம் எங்கேங்க?" என்றார் மாமா.

"எந்த மண்டபம்?"

"கல்யாண மண்டபம்ங்க. நாங்க எல்லாம் வெளியூர். ஆஸ்பத்திரி பக்கத்துல நில்லுங்க, நாலு இண்டிகேட்டரும் போட்டுட்டு ஒரு வண்டி வரும், அது பின்னாடியே வந்துடுங்கன்னு பொண்ணு வீட்டுல சொன்னாங்க. நீங்க போட்டுட்டு வந்தீங்க."

"போட்டா? அதுக்காக முன்பின் தெரியாத வண்டி பின்னாடி இவ்வளவு தூரம் வருவாங்களா? யாராவது இப்படிச் செய்வாங்களா?" என்று மாஸ்டர் சூடாகக் கேட்டார். கேட்டு முடித்த பிறகுதான் தன் கேள்வி தன் காதிலேயே விழுந்தது.

"வரச் சொல்லி நீங்களே எழுதியிருக்கீங்களே" என்று மாமா பின்கண்ணாடியைக் காட்டினார். 'எங்களைப் பின்தொடருங்கள், பத்திரமாகப் போய்ச் சேருங்கள்.'

மனைவி காரிலிருந்து இறங்கி, மரத்துப்போனது போல வலதுகாலை உதறிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள். இனி ஒரு வார்த்தை கூடினாலும் குட்டு உடைந்துவிடும்.

"எனக்கு மண்டபம் தெரியாது. அதோ, அந்த டாக்ஸிக்காரரைக் கேளுங்க" என்று கை நீட்டினார். பிறகு, தேவையில்லாமல், "அவர் யாருன்னே எனக்குத் தெரியாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கிளட்ச் வந்தான். மாஸ்டரை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்ப்பவன்போல ஒரு பார்வை பார்த்தான். மாமாவிடம் விலாசத்தைக் கேட்டான். மண்டபம் அந்த ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே இருந்தது.

மாமா மாஸ்டரைப் பார்த்த பார்வையில் பதினோரு காரின் கோபமும் இருந்தது. "நானே கூட்டிட்டுப் போறேன், என் பின்னாடியே வாங்க" என்று கிளட்ச் அவரைச் சமாதானப்படுத்தி காருக்கு அனுப்பினான்.

மாஸ்டருக்கு அப்பாடா என்று இருந்தது. பட்ட பாடெல்லாம் பட்டாயிற்று, ஆனாலும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மானம் தப்பித்தது. இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். காரின் பின்பக்கம் போய் டிக்கியைத் தூக்கி, பெட்டியை எடுக்கக் குனிந்தார். டிக்கி மூடி அவரை முழுசாக மறைத்தது.

அந்தப் பக்கம் கிளட்ச் குரலைத் தாழ்த்திப் பேசுவது கேட்டது.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரியே கடைசிவரைக்கும் மாஸ்டரைத் தெரியாதவனாவே இருந்துட்டேன். திங்கக்கிழமை நீங்க திரும்பிப் போறதுக்கும் என் கார்டை அவரோட சாலை விதிகள் புத்தகத்துலயே வெச்சுடுறீங்களா, இல்லை இந்தத் தடவை நானே தற்செயலா எதிர்ல வந்து நிக்கட்டுமா?"