கேரம் போர்டை வேரோடு பிடுங்கிய கதை

கேரம் போர்டை யேசுதாஸ் மூன்றாவது தடவையாக அழித்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பெட்டி உறுமியது, முனகியது, திரை நீலமானது. அப்பாடா என்று அவர் மூச்சு விடப்போன நேரத்தில் ஸ்பீக்கரிலிருந்து "டொக்" என்று ஸ்டிரைக்கர் காயில் மோதும் சத்தம் வந்தது. கூடவே திரையில் ஒரு சின்னக் கட்டம். கேரம் விளையாட்டைக் காணவில்லை, திரும்பப் போடட்டுமா என்று இங்கிலீஷில் கேட்டது. பதில் சொல்ல ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. அது 'சரி'.

யேசுதாஸ் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். ஐம்பது தாண்டிய வயது, சர்க்கரை, முழங்கால் வலி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு நட்டு போல்ட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க் உத்தியோகம். இத்தனைக்கும் மேலே இது.

கம்பெனியில் கொஞ்ச காலமாக ஜப்பான் முறை நடந்துகொண்டிருந்தது. தேவையானதை மட்டும் வைத்துக்கொள், தேவையில்லாததன்மேல் சிவப்புச் சீட்டு ஒட்டு, ஒட்டியதை வெளியே தள்ளு. அவ்வளவுதான் சங்கதி. ஜப்பானில் எப்படிச் செய்கிறார்களோ தெரியாது, கும்மிடிப்பூண்டியில் அதை ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற பக்தியோடு செய்தார்கள். உடைந்த நாற்காலிக்குச் சீட்டு. உடையாத நாற்காலிக்கும் சீட்டு, ஏனென்றால் அதில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். வாட்ச்மேன் வளர்த்த நாயின் கழுத்தில் சீட்டு. சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்த பர்சனல் ஆபீசரின் முதுகிலும் ஒன்று ஒட்டப்பட்டது. அவர் அதோடு வீடு போய்ச் சேர, அவர் மனைவி படித்துப் பார்த்துவிட்டு, அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாளாம்.

திங்கட்கிழமை ரவுண்டு வந்த மேனேஜர் பாக்கியராஜ், ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்து அதன் நெற்றியில் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டினார்.

"இன்னா இது, யேசுதாஸு?"

"கேரம் போர்டு சார். நான் போடல. நான் ஸ்டோர்ஸுக்கு வந்தே ஆறு மாசந்தான் ஆவுது. எனக்கு முன்னாடி இருந்தவரு காலத்துலேர்ந்து கெடக்குது."

"அவரு துபாய்ல பொண்ணு ஊட்ல குந்திக்கினு கீறாரு. அவர இட்டாந்து வெச்சு கேக்க முடியுமா? ஸ்டோர்ஸுக்கு இது தேவையா?"

"இல்ல சார்."

"வெள்ளிக்கிழம மெட்ராஸ்லேர்ந்து ஆடிட்டர் வராரு. போன வருசம் கம்பெனியிலயே ஸ்டோர்ஸ் ஒண்ணுதான் நூத்துக்கு நூறு. இந்த வாட்டி கொறஞ்சிச்சு, உன்ன பள்ளிப்பட்டு குடோனுக்கு மாத்திருவேன். சொல்லிட்டேன்."

பள்ளிப்பட்டு என்றதும் யேசுதாஸ் மனசுக்குள் பஸ்களை எண்ணிப் பார்த்தார். மாவட்டத்தின் அந்தக் கோடியில் இருந்தது அந்த குடோன். ஊத்துக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று, அப்புறம் மற்றொன்று என்று மாறி மாறிப் போனால், காலையில் கிளம்பியவர் குடோனைப் பூட்டுகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரலாம். முன்னே அனுப்பப்பட்ட ஆள் ஒருவர் பொங்கலுக்கு வீடு வந்தபோது முழுக்கத் தெலுங்கிலேயே பேசினார் என்றும், சொந்தப் பிள்ளைகளைப் பார்த்து யாரென்று கேட்டார் என்றும் சொல்லிக்கொள்வார்கள்.

வீட்டில் மனைவி சாராள் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"ஜெபாவுக்கு ப்ளஸ் டூ. நாங்க வர முடியாது. நீ மட்டும் போயி ரூம் எடுத்துத் தங்கு. உனக்கு சோறு வடிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"துணி தோய்க்க?"

"ம்ஹூம்."

"அப்போ அந்த கேரம் போர்ட வேரோட புடுங்குற வழியப் பாரு."

வேரோடு பிடுங்குகிற வழி தெரிந்தவர் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த மொஹசின். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். தாத்தா கருவாடு விற்றார், அப்பா படகு எஞ்சினுக்கு ஆயில் விற்றார், மொஹசின் இன்டர்நெட் விற்றார். எதை விற்றாலும் மூன்று ரகமாகப் பிரித்துப் பரப்பி வைப்பது பரம்பரை வழக்கம்.

"சும்மா அழிச்சா போவாது அண்ணே. உள்ளார எங்கங்கியோ துண்டு துண்டா ஒளிஞ்சிக்கினு இருக்கும். அத்தத் தேடிப் புடுங்கறதுக்குன்னே தனியா சாஃப்ட்வேரு கீது. ஏங்கிட்ட மூணு கீது. ஒண்ணு ஓசி, ஒண்ணு ட்ரையல், ஒண்ணு திருட்டுது."

"எது நல்லது, பாய்?"

"ஓசி சாது. ட்ரையல் புத்திசாலி. திருட்டுது வஸ்தாது."

யேசுதாஸ் தன் சுபாவப்படி சாதுவைத் தேர்ந்தெடுத்தார்.

சாது செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டோர்ஸுக்குள் குடியேறியது. தனியாக வரவில்லை, உறவுக்காரர்களோடு வந்தது. திரையின் தலையில் ஒரு பட்டை முளைத்தது. காலில் இன்னொரு பட்டை முளைத்து, எங்கோ வடதுருவத்துக்குப் பக்கத்தில் பனி பெய்கிறது, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதீர்கள் என்று வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்த யேசுதாஸுக்கு அறிவுரை சொன்னது. மூலையில் ஒரு பூனை வந்து உட்கார்ந்து கண்ணடித்தது. எல்லாம் முடிந்த பிறகு சாது வேலையை ஆரம்பித்து, மிகவும் பொறுப்பாக, பிரின்டருக்கு உண்டான சாஃப்ட்வேரைப் பிடுங்கி எறிந்தது.

"டொக்" என்றது கம்ப்யூட்டர்.

அன்றைக்கு ரவுண்டில் பாக்கியராஜ் பட்டைக்கு ஒன்று, பூனைக்கு ஒன்று என்று மேலும் சீட்டுகளை ஒட்டினார்.

புதன்கிழமை புத்திசாலி வந்தது. அது எடுத்த எடுப்பில் எதையும் பிடுங்கவில்லை. யேசுதாஸ் சோற்று டப்பாவைத் திறந்து, சாப்பிட்டு, கழுவி, வெற்றிலை போட்டுத் துப்புகிற வரைக்கும் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தது. கேரம் போர்டின் மிச்சம் மீதி இத்தனை ஆயிரம் இடத்தில் இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டியது. எல்லாவற்றையும் அழிக்கவா என்றது. அழி என்றார். கிரெடிட் கார்டு நம்பரைப் போடு என்றது. யேசுதாஸிடம் இருந்தது ரேஷன் கார்டும் ஈ.எஸ்.ஐ. கார்டும்தான். ஈ.எஸ்.ஐ. நம்பரைப் போட்டுப் பார்த்தார். புத்திசாலி அதற்கு மயங்கவில்லை.

சரி, நீ வேண்டாம், கிளம்பு என்றால் கிளம்பவும் மாட்டேன் என்றது. அதோடு, இந்தக் கம்ப்யூட்டரில் தேவையில்லாத ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது என்று சாதுவைக் கைகாட்டியது. சாதுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதுவும் ஒரு கட்டத்தைத் திறந்து, தேவையில்லாதது இவன்தான் என்று புத்திசாலியைக் கைகாட்டியது. குழாயடியில் குடம் வைத்தவர்கள் மாதிரி இரண்டும் மாறி மாறிக் கத்தின.

யேசுதாஸ் போன் போட்டார். "பாய், ஒரே பேஜாரா கீது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு காட்டிக் குடுக்குது."

"அப்போ ரெண்டுமே கரீட்டாத்தான் வேல செய்யுது, அண்ணே."

"எனக்கு வெள்ளிக்கிழம ஆடிட்டிங்கு, பாய்."

"வஸ்தாத எறக்கு."

வஸ்தாது இறங்கினான். வந்த வேகத்தில் சாதுவையும் புத்திசாலியையும் பூனையோடு சேர்த்துத் தூக்கி அடித்தான். யேசுதாஸ் கைகூப்பப் போனார். வஸ்தாதுக்குச் சூடு தணியவில்லை. சரக்கு இருப்புக் கணக்கு பார்க்கிற புரோகிராமில் பாதியைக் கடித்துத் துப்பினான். தமிழ் எழுத்தையெல்லாம் துடைத்தெறிந்தான். மெஷின் ஷாப்பிலிருந்து அரை இஞ்சு போல்ட் கேட்டு வந்தவனுக்கு, திரையில் இரண்டு கட்டம், ஒரு வட்டம், நான்கு கேள்விக்குறி என்று பதில் கிடைத்தது.

"இன்னா சார், ஜாதகமா?" என்றான் அவன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேரம் போர்டைக் கட்டிப்போட்டிருந்த கடைசிக் கயிற்றையும் வஸ்தாது அறுத்துவிட்டிருந்தான். கம்ப்யூட்டரை மறுபடி போட்டதும், வெறும் "டொக்" மட்டும் வரவில்லை. போர்டே வந்தது. திரை முழுக்க, பவுடர் போட்டு, காய் அடுக்கி, நடுவில் சிவப்பு வைத்து, ஆட்டத்துக்குத் தயாராக.

வியாழக்கிழமை காலையில் டீ கொண்டுவந்த கங்கம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவள். பெருக்குவதும் டீ கொடுப்பதும் அவள் வேலை. கம்ப்யூட்டரின் திரை தெரியாதபடி சீட்டு மேல் சீட்டாகச் சிவப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

"பொட்டிக்கு இன்னா நைனா? ஜாத்திரைக்கு ஜோடிச்ச மாரி கீது."

"ஒடம்பு செரியில்ல."

"அம்மை போட்டுக்கிச்சா?"

யேசுதாஸ் டீயை வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் மொஹசினே ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். சீட்டுகளை விலக்கி, கோஷா முக்காட்டை விலக்கிப் பார்ப்பது போலத் திரையைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

"புடுங்குற கட்டமெல்லாம் தாண்டிப்போச்சு அண்ணே. மொத்தமா கழுவி வுட்டுட்டு, கணக்கு புரோகிராம மட்டும் புதுசாப் போட்டுத் தரேன்."

"கேரம் போர்டு?"

"எலும்புகூட கெடைக்காது."

சாயங்காலம் கம்ப்யூட்டரைப் போட்டபோது யேசுதாஸ் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். சத்தமே இல்லை. கணக்கு புரோகிராம் ஒன்று மட்டும் திரையின் நட்டநடுவில் துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி நின்றது. யேசுதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. சிவப்புச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கூடையில் போட்டார்.

திரும்பியபோதுதான் அலமாரிகள் கண்ணில் பட்டன. வாரம் முழுக்க அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை. பக்கத்து இரும்பு உருக்காலைகளின் புண்ணியத்தில் எல்லாவற்றின்மேலும் கறுப்புத் தூள் விரல்கடை உயரத்துக்குப் படிந்திருந்தது. நட்டு டப்பாவில் வாஷர், வாஷர் டப்பாவில் யாரோ கடித்து வைத்த வடை. போன வருடமும் இதே அலமாரிதானே, நூற்றுக்கு நூறு கொடுத்தார்களே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஆடிட்டர் வந்தார். வெள்ளை முடி, சாந்தமான முகம், மடிப்புக் கலையாத சட்டை. அலமாரிகளைத் திரும்பியும் பார்க்காமல் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, விரல்களைச் சொடுக்கு எடுத்துக்கொண்டார்.

"ஸ்டோர்ஸை நான் தனியாப் பார்த்துக்கறேன். நீங்கள்லாம் வெளியில இருங்க."

யேசுதாஸும் பாக்கியராஜும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ஆடிட்டர் எலியை இப்படித் தள்ளினார், அப்படித் தள்ளினார். திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"இதுல வேற எதுவும் இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல சார்," என்றார் யேசுதாஸ். வாரத்தில் முதல் தடவையாக அவர் முதுகு நிமிர்ந்தது. "வேல சம்பந்தப்படாதது எல்லாத்தையும் சுத்தமா எடுத்தாச்சு."

"எல்லாத்தையுமா?"

"ஒரு துளி மிச்சம் வெக்கல சார்."

ஆடிட்டர் வெகுநேரம் அந்தக் குத்துவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சாயங்காலம் வரைக்கும் என்ன செய்வது என்று தெரியாதவர் போல ஸ்டோர்ஸைச் சுற்றிலும் பார்த்தார். அப்போதுதான் அவர் கண்ணில் அலமாரிகள் பட்டன.

எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். முதல் டப்பாவை இறக்கினார். கறுப்புத் தூளில் விரலால் கோடு போட்டுப் பார்த்தார். நட்டுகளை ஒன்றொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். துருவை முகர்ந்தார். வடையைக் கைக்குட்டையால் பிடித்துத் தூக்கி, தேதி கேட்டார். ஏணி கேட்டார், டார்ச் கேட்டார், பூதக்கண்ணாடி கேட்டார். எழுதின பேனா தீர்ந்துபோய் பாக்கியராஜின் பேனாவையும் வாங்கி எழுதினார். பாக்கியராஜ் யேசுதாஸைப் பார்த்த பார்வையில் பள்ளிப்பட்டு பஸ்ஸின் நம்பரே தெரிந்தது.

யேசுதாஸ் வெளியே வந்து கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். எங்கே தப்பு நடந்தது என்று அவருக்குப் புரியவில்லை. தேவையில்லாததை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். இதற்குமேல் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்?

காலி டீ கிளாஸ்களைப் பொறுக்க வந்த கங்கம்மா, ஏணிமேல் நின்றுகொண்டிருந்த ஆடிட்டரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

"பாவம் நைனா, வயசான காலத்துல இன்னா வேல வாங்குறீங்கோ. போன வருசம் அவரே ஒரு சிடி கொண்டாந்து அந்தப் பொட்டியில கேரம் போர்டப் போட்டுக்கினு, பொழுது சாயற வரிக்கும் ஆடிட்டு, அலமாரிப் பக்கம் தலகூட வெச்சுப் படுக்காம, குஷியா நூத்துக்கு நூறு போட்டுட்டுப் போனாரு."